பைகளை இந்த வருடம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு, உன் தங்கை வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் இவரும் மகளும் நலம். அங்கே நீ, அத்தான், பெரியவன், புது மருமகள், சின்னவன் எல்லாரும் நலம் என்று போன வாரம் நீயே சொன்னாய். ஆகவே நலம் விசாரித்தாகிவிட்டது.

போனில்தான் பேசிக்கொண்டிருக்கிறோமே, இவளுக்கு என்ன திடீரென்று கடிதம் என்று உறையைக் கிழிக்கும்போதே உன் புருவம் ஏறியிருக்கும். காரணம் இருக்கிறது. போனில் நான் முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் நீ பதிலைச் சொல்லி முடித்துவிடுவாய். உன் நடை எப்படியோ அப்படித்தான் உன் பேச்சும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. சொல்ல வந்ததை என் வேகத்தில் சொல்லிக்கொண்டு போகலாம். என் வேகம் என்றதும் சிரிக்காதே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

விஷயம் நம் ஏரியைப் பற்றியது. வருடா வருடம் நாம் எல்லாரும் பஸ் பிடித்துப் போகும் அந்த ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை போவதாகவும், எதிர்க்கரையில் ஒரு மரப்பாலம் இருப்பதாகவும், அதன் நடுவில் நின்று குனிந்து பார்த்தால் மீன்கள் கூட்டமாகப் போவது தெரியும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். வெறும் கேள்விதான். நான் பார்த்த ஏரி, கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பச்சை பெஞ்சிலிருந்து தெரிகிற ஏரி மட்டும். முதல் வருடம் நானும் உங்களோடு கிளம்பினது உனக்கு நினைவிருக்கும். நீங்களெல்லாம் சுற்றி முடித்து, சாப்பிட்டு, பாயை உதறி மடித்த பிறகும் நான் வந்து சேரவில்லை. இருட்டுவதற்குள் கேட்டைப் பூட்ட வேண்டிய காவலாளி, சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்து, பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்து உன்னிடம் ஒப்படைத்தார். கையெழுத்து வாங்காத குறை ஒன்றுதான். "அங்க ஒரு போர்டுல ஏரிக்கு வர்ற பறவை பேரெல்லாம் போட்டிருந்துச்சு, படிச்சிட்டிருந்தேன்" என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அடுத்த வருடம் கேட்டுக்குள் கால் வைத்ததும் நீ சொன்னாய்: "நீ இங்கயே உக்காரு. பையெல்லாம் பாத்துக்கோ. உன்கிட்ட விட்டுட்டா எனக்குக் கவலையே இல்ல." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

மரப்பாலத்தில் நின்று எடுத்த குடும்பப் படங்களை உன் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாய். அத்தானுக்கு முடி கொட்டுவதும், சின்னவன் அவரைத் தாண்டி வளர்வதும், என் மகளுக்குப் பல் விழுந்து பல் முளைப்பதும் அந்த வரிசையில் தெரிகிறது. நான் எதிலும் இல்லை. போன தடவை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, புது மருமகள் அந்தப் படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "சித்தி அப்பல்லாம் வெளிநாட்டுல இருந்தாங்களா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். சின்னவன், "இல்ல அண்ணி, அவங்க பைச் சித்தி" என்றான். கூடமே சிரித்தது. எல்லாருக்கும் முந்தி, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று எனக்கொரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். அன்றைக்கு முந்திச் சிரித்தும் வலித்தது. வாழ்க்கையில் நான் முந்தியது அந்த ஒரு சிரிப்பில்தான், அதிலும் பலன் இல்லை.

ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் சோம்பேறி இல்லை அக்கா. மெதுவாக நடக்கிறவள், அவ்வளவுதான். இருபதுகளில் நூலக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்று பழகிப் பழகி, புத்தக வண்டியைத் தள்ளித் தள்ளி, என் கால் அந்த வண்டிச் சக்கரத்தின் வேகத்தையே தன் வேகமாக எடுத்துக்கொண்டுவிட்டது. போதாததற்கு, எழுத்து எங்கே இருந்தாலும் படிக்காமல் என்னால் தாண்ட முடியாது. சுவரொட்டி, கடைப் பலகை, 'நாய் ஜாக்கிரதை', ஒட்டிப் பாதி கிழிந்த வாடகை அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் நின்று மரியாதை செய்துவிட்டுத்தான் போவேன். கிழிந்த பாதியில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்க அடுத்த தெருவரை ஆகும். ஆனால் ஒரு மனுஷி மெதுவாக நடப்பது வேறு, அவள் இனி நடக்கவே மாட்டாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிப் பையைக் கையில் கொடுப்பது வேறு. அன்று பஸ்ஸிலேயே தீர்மானித்தேன். அடுத்த ஏரிக்கு நான் பாலத்தில் நிற்பேன்.

முதலில் நான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது உன் நடையைத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் என்றால் சும்மாவா, உன் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே காய்ச்சல்காரர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள் என்று அத்தான் சொல்வார். உன்னைப் போலவே எட்டி எட்டி வைத்து நடக்கத் தொடங்கினேன். தெருமுனைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து என் காலடியைப் பார்த்தார். "என்னம்மா, குழாய் கிழாய் உடைஞ்சிருச்சா? தண்ணி தேங்கியிருக்கா?" என்று கேட்டார். "இல்லண்ணே, நடக்கிறேன்" என்றேன். "ஓ" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் இருந்த சந்தேகத்தை என்னால் இங்கே எழுதிக் காட்ட முடியாது. அன்று மாலையே தொடையில் ஒரு நரம்பு பிடித்துக்கொண்டது. மகள் தைலம் தேய்த்தபடி, "அம்மா, பெரியம்மா மாதிரி நடக்கணும்னா பெரியம்மா மாதிரி காலும் வேணும்" என்றாள். பெற்ற பெண்தான்.

எங்கள் நூலகத்துக்கு எதிரே ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கே பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் ஒரு பெண் துப்பறியும் கதை எடுக்க எங்களிடம் வருவாள். கொலை யார் செய்தது என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பாள். அவள் பொறுமை எவ்வளவு என்பதற்கு அது ஒன்றே சாட்சி. நான் நொண்டுவதைப் பார்த்து விசாரித்து, எட்டி வைத்து நடந்த கதையைக் கேட்டுவிட்டு, "எட்டி வைக்காதீங்கக்கா. சின்ன அடியா, சீக்கிரம் சீக்கிரமா வைங்க. முன்னால இருக்கிற காலை வீசாதீங்க, பின்னால இருக்கிற கால் தரையைத் தள்ளணும். முட்டியை, அதான் கை முட்டியை, மடக்கி வீசுங்க. பார்வை தரையில வேணாம், தூரத்துல இருக்கட்டும்" என்றாள். "வேகம் போதுமான்னு எப்படித் தெரியும்?" என்றேன். "ரொம்ப சுலபம். நடக்கும்போது பேச்சு வரணும், பாட்டு வரக் கூடாது. பாட முடிஞ்சா இன்னும் வேகமாப் போங்க. பேசவே முடியலைன்னா கொஞ்சம் குறைங்க. ஒரு விளக்குக் கம்பத்துலேருந்து அடுத்த கம்பம் வரைக்கும் வேகம், அடுத்தது வரைக்கும் மெதுவா, மறுபடி வேகம். அவ்ளோதான்."

அவளுக்கு அவ்வளவுதான். மறுநாள் கை முட்டியை மடக்கி வீசிக்கொண்டு போனேன். தோளில் கைப்பை, அதற்குள் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை. கை முன்னால் போக, பை பின்னால் போய், அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவரின் முதுகில் டொம்மென்று இறங்கியது. பாவம், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். படிக்கிற ஆளை அடித்துவிட்டோமே என்று எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் சொன்னபோது, "பையை மாட்டிக்கிட்டா நடந்தீங்க? மொதல்ல அந்தப் பையை இறக்கி வைங்கக்கா" என்றாள். அக்கா, அந்தப் பெண்ணுக்கு ஏரியும் தெரியாது, பெஞ்சும் தெரியாது. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்கு அசரீரி மாதிரி கேட்டது.

அடுத்தது பாட்டு. பாட முடிகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் பாடித்தானே பார்க்க வேண்டும்? எனக்கு முழுதாகத் தெரிந்தது, மகள் குழந்தையாக இருந்தபோது நானே வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடின தாலாட்டு ஒன்றுதான். காலையில் வெறுங்கையோடு கிளம்பி, ஒவ்வொரு கம்பத்திலும் அதில் ஒரு அடியை எடுத்துப் பாடிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் என் வேகத்துக்குத் தாலாட்டு ராகம் பிசகாமல், சங்கதியோடு வந்தது. அதாவது நான் நடக்கவே இல்லை என்று அர்த்தம். இதற்குள் நீல கேட் போட்ட வீட்டிலிருந்து ஒரு இளம் தாய் எட்டிப் பார்த்து, "அக்கா, நேத்து ஏன் வரலை? நீங்க பாடிட்டுப் போனாத்தான் இவன் தூங்குறான்" என்றாள். இடுப்பில் ஒரு குண்டுக் குழந்தை என்னைக் குற்றம் சாட்டுகிற மாதிரி பார்த்தது. அதுமுதல் எனக்குத் தர்மசங்கடம். என் நடை தேறத் தேற, நீல கேட்டைத் தாண்டும்போது பாட்டு மூச்சிரைப்பில் துண்டு துண்டாக வந்தது. குழந்தை வீறிட்டது. "நல்லா இருந்த குரலுக்கா, ஏன் இப்படி ஆயிருச்சு? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்களேன்" என்று அந்தத் தாய் உண்மையான கவலையோடு சொன்னாள். என் முன்னேற்றத்துக்காக வருத்தப்பட்ட ஒரே ஆத்மா அவள்தான். ஆனால் கேள், சில வாரம் கழித்து அதே வேகத்தில் பாட்டு மறுபடி முழுசாக வரத் தொடங்கியது. குழந்தை தூங்கியது. தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத்தான் பகீரென்றது. பாட்டு வந்துவிட்டால் இன்னும் வேகமாகப் போக வேண்டுமே! இந்தப் பயிற்சிக்கு ஒரு முடிவே இல்லை என்று அன்றுதான் புரிந்தது. இப்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். மெதுவாகப் போக வேண்டிய கம்பம் அந்த நீல கேட்டுக்கு நேராக வருகிற மாதிரி கணக்கை மாற்றிவிட்டேன். குழந்தைக்கும் எனக்கும் இப்போது சண்டை இல்லை.

நூலகத்தில் நடந்ததை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் தெருவில் நடக்க முடியாததால், மத்தியான இடைவேளையில் படிப்பறையின் ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துவிடலாம் என்று நினைத்தேன். கை மடக்கி, பார்வை தூரத்தில், சின்ன அடி, சீக்கிரம் சீக்கிரம். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்திலிருந்தவரை இடித்தார். என்னை அங்கே யாரும் அந்த வேகத்தில் பார்த்ததே இல்லையல்லவா? இவளே இப்படிப் போகிறாள் என்றால் காரணம் பெரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் போவதைப் பார்த்து மேல்மாடிக்காரர்களும் இறங்கி வந்தார்கள். நான் திரும்பி வரும்போது படிப்பறையில் ஒரு ஈ காக்கை இல்லை. தலைமை நூலகர் மட்டும் தீயணைப்பு வாளியோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "எங்கம்மா தீ?" என்றார். "தீ இல்ல சார். நடக்கிறேன்." "நடக்கிறீங்களா?" வாளியைக் கீழே வைத்தார். "நீங்களா?" வெளியே மொத்தக் கூட்டமும் மழையில் குடையின்றி நின்றது. அத்தனை அவசரத்திலும் ஒருத்தர்கூடக் கையிலிருந்த புத்தகத்தை வைத்துவிட்டுப் போகவில்லை, எல்லாரும் அதைச் சட்டைக்குள் மறைத்து நனையாமல் காப்பாற்றியிருந்தார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இனி இவர் கதைக்கு வருகிறேன். உனக்கு இவர் நடை தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கின் நடை. எந்த நேரமும் யாரோ ஒருவர் எங்கோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டே இருப்பது மாதிரியான நடை. கல்யாணமான மறுநாளிலிருந்து நான் வெளியில் பார்த்தது இவர் முதுகைத்தான். எந்தச் சட்டைக்கு எந்தக் காலர் நைந்திருக்கிறது என்று என்னைக் கேள், சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். வழக்கம்போல இவர் முன்னால், தோளில் அந்தக் கருவிப் பை. விடுமுறையிலும் அதைக் கழற்ற மாட்டார். நான் ஒரு கம்பம் வேகமாக, அடுத்த கம்பமும் வேகமாகவே, மூன்றாவது கம்பத்தில் இவர் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அக்கா, இவர் பேசிக்கொண்டிருந்தார்! "...அதனால அந்தப் பழைய மோட்டாரை மாத்தினாத்தான் சரியாகும், இல்லன்னா அந்தப் பல் டாக்டர் மறுபடியும் உள்ள மாட்டிப்பாரு, என்ன சொல்றே?" என்றார்.

"யார்கிட்டங்க பேசறீங்க?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "உன்கிட்டதான். வேற யாரு?"

"நான் இப்பத்தான வந்தேன்!"

"விளையாடாத. வீட்டுலேருந்து பேசிட்டு வர்றேன், நீயும் 'உம்' கொட்டிட்டுத்தான வர்றே?"

"நான் தையல் கடைகிட்ட இருந்தேங்க."

அப்படியே நின்றுவிட்டார். "அப்ப யாரு 'உம்' கொட்டினது?"

இரண்டு பேரும் நடுத்தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. ஓர் அடி எடுத்து வைத்தார். 'உம்.' இன்னோர் அடி. 'உம்.' கருவிப் பையின் தோல்வார் கொக்கியில் உரசுகிற சத்தம். இத்தனை வருடமாக என் புருஷன் வழிநெடுகத் தன் மனசிலிருந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்குப் பதிலாக அந்தப் பை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நான் உங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் ஒரு பை என் குடித்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. "அப்ப இத்தனை நாள் சொன்னது எதுவுமே உனக்குத் தெரியாதா?" என்றார். "மொதல்லேருந்து சொல்லுங்க" என்றேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் மகள் பிறந்த வருடத்துக்கு வந்திருக்கிறோம். மனுஷர் பேச்சு சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது அக்கா. முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது.

இதற்கெல்லாம் சிகரம் வைத்த மாதிரி சிக்னல். எங்கள் நூலகத்துக்கு முன்னால் அந்த அகலமான சாலையில், பாதசாரிகளுக்குப் பச்சை விழுந்தால் நான் கிளம்புவேன், நடுத்திட்டை அடைவதற்குள் சிவப்பு விழுந்துவிடும். திட்டில் இருக்கிற அரளிச் செடியோடு அடுத்த பச்சை வரை நிற்பேன். அந்தச் செடி கன்றாக இருந்ததிலிருந்து எனக்குப் பழக்கம். போக்குவரத்துப் போலீஸ்காரர் என்னைப் பார்த்தாலே, "வாங்கம்மா, உங்க இடம் காலியாத்தான் இருக்கு" என்பார். இந்த மாதம் ஒரு நாள் பச்சை விழுந்தது, கிளம்பினேன். பார்வை எதிர்ப்பக்கக் கடைப் பலகையில், ஆனால் படிக்கவில்லை, அதுதான் முக்கியம். நடுத்திட்டு வந்தது, போனது. அரளியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். எதிர் நடைபாதையில் கால் வைக்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், பச்சை இன்னும் எரிகிறது! அந்த விநாடி காது கிழிகிற மாதிரி ஒரு விசில். வண்டிகளெல்லாம் கிறீச்சிட்டு நின்றன. நான் ஏதோ சட்டத்தை மீறிவிட்டேன் என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் அங்கிருந்தே கத்தினார்: "ஒண்ணுமில்லம்மா! சந்தோஷத்துல ஊதிட்டேன்! நீங்க போங்க!" நூலகப் படியேறும்போது என் கண்ணில் தண்ணீர். தூசி என்று தலைமை நூலகரிடம் சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

ஆகவே அக்கா, இந்த வருடம் பைகளை நான் பார்த்துக்கொள்வதற்கில்லை. சின்னவன் உட்காரட்டும். எனக்குப் பெயர் வைத்தவன், அந்தப் பெயரில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். போன வாரம் போனில், "இந்த வருஷம் ஏரி வேணாமே, எங்கயாவது உக்காந்து பேசிட்டு வந்துடலாமே" என்று நீ இழுத்தாய். எனக்குப் புரியாதா? தங்கச்சி வழக்கம்போலத் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்கிற இரக்கம். அந்த இரக்கம் இனி தேவையில்லை. ஏரிக்கே போவோம். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து உன் பின்னலைப் பார்த்தே நடந்தவள் நான். அது இடது பக்கம் ஆடினால் நீ கோபமாக இருக்கிறாய் என்று அர்த்தம், அவ்வளவு தெரியும். இந்தத் தடவை உன் பக்கத்தில் நடக்கப் போகிறேன். பாலத்துக்குச் சற்று முன்னால் உன்னை ஒரே ஒரு அடி முந்துவேன். கோபித்துக்கொள்ளாதே, ஒரே ஓர் அடிதான். குடும்பப் படம் எடுக்கும்போது நான் நடுவில் நிற்பேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பெரியவனுக்கும் மருமகளுக்கும் என் ஆசி, அவர்கள் வாழ்க்கை முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். சின்னவனுக்கும் ஆசிதான், ஆனால் கொஞ்சம் குறைவாக. பெரியவளான உன் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், அதை மட்டும் நின்று நிதானமாக வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
பைகளை இறக்கி வைத்துவிட்ட,
உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான். சற்று முன் அத்தான் பஸ் விஷயமாகப் போன் செய்தார். இவர் வெளியே போயிருந்தார், நான் எடுத்தேன். பெருமை தாங்காமல், "அத்தான், இந்த வருஷம் ஏரியில அக்காவை நான்தான் முந்தப் போறேன்" என்றேன். அத்தான் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் செஞ்சிடாதம்மா" என்றார். "அவளுக்கு மூட்டு தேஞ்சிருக்கு. தூரம் நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். 'நான் உக்காந்துட்டேன்னு தெரிஞ்சா எல்லாரும் என்னைத் தாங்க ஆரம்பிச்சிடுவாங்க, மாத்திரையைப் போட்டுக்கிட்டாவது சுத்திடுவேன்'ங்கிறா. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற." அத்தானைத் திட்டாதே. வாயைக் கிளறினது நான். நீ போனில் இழுத்ததை என் மேல் வைத்த இரக்கம் என்று நினைத்தேனே, என்னை என்ன சொல்ல!

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இன்னும் பிசகவில்லை, ஏரிக்குப் போகிற அன்று காலையில் சரியாகப் பிசகும். எல்லாரும் "அதானே பாத்தேன்" என்பார்கள். சின்னவன் "பைச் சித்தி வாழ்க" என்பான், சொல்லிவிட்டுப் போகட்டும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். "இவளை இப்படித் தனியா விட்டுட்டு வர எனக்கு மனசு இல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று உன் வழக்கமான குரலில் அதட்டு. எதிர்த்துக் கேட்க யாருக்கும் தைரியம் வராது. பச்சை பெஞ்ச் இரண்டு பேருக்குத் தாராளம், இத்தனை வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன். தேய்ந்த மூட்டுக்கும் பயிற்சி உண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு தடவை சொன்னாள். விவரமாகக் கேட்டு வருகிறேன். அடுத்த வருடம் நம் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு வேகத்தில் பாலம் வரை போவோம். இருட்டிவிட்டால் இருக்கவே இருக்கிறது காவலாளியின் சைக்கிள்.

நான் வேகமாக நடப்பேன் என்பது நமக்குள் இருக்கட்டும். இவரிடமும் மகளிடமும் சொல்லிவைக்கிறேன். ஆனால் ஒன்று. எல்லாரும் அந்த முதல் திருப்பத்தில் மறைந்ததும், பெஞ்சிலிருந்து கேட் வரைக்கும் போய் ஒரு தடவை நடந்து காட்டுவேன். வேறு யாரும் பார்க்க வேண்டாம், நீ பார்த்தால் போதும். நான் திரும்பி வருகிறவரை பைகளை நீ பார்த்துக்கொள்.